மொட்டை வெயிலில் முகங்களை எடுப்பது: கண்குழி கறுப்பாகிறது, வெள்ளைச் சட்டை வெளிறிப்போகிறது, என்ன வழி?

தேன்சிட்டு:
எல்லோருக்கும் வணக்கம். வெட்டவெளியில் நடக்கிற நிகழ்ச்சிகளைப் படமெடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நேரம் என் கையில் இல்லை, மட்ட மத்தியானத்தில்தான் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றுசேர்வார்கள். கண்குழிகள் கறுத்துப்போகின்றன, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது, வெள்ளைச் சட்டை போட்டவர் யாராவது இருந்தால் சட்டையில் ஒரு மடிப்புகூடத் தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டே நிற்கிறார்கள். என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா, 18-55 லென்ஸ், ஒரு 50 எஃப் 1.8, ஒரு ஃபிளாஷ். காலையிலோ மாலையிலோ எடுங்கள் என்ற பதில் வேண்டாம், அது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில், அந்த வெயிலில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

நிழல்தேடி:
கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சூரியன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இங்கிருந்து பார்க்க வானத்தில் அது அரை டிகிரி அகலம்தான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வெளிச்சம் வருவதால்தான் நிழலின் ஓரம் இத்தனை கூர்மையாக விழுகிறது. மேகம் மறைத்தால் வானம் மொத்தமும் வெளிச்சம் தரும் பரப்பாகிவிடும், நிழலின் ஓரம் கரைந்துவிடும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் இந்தக் கூர்மை மாறாது. ஆளை நகர்த்த வேண்டும், திருப்ப வேண்டும், அல்லது நடுவில் எதையாவது கொண்டுவர வேண்டும்.

இடம் பார்க்க ஒரு பழக்கம் சொல்கிறேன். கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். விரல் முட்டிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைக் கண்குழி என்று வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது அந்தப் பள்ளத்தில் வெளிச்சம் இறங்குகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்தத் திசையில் ஆளை நிறுத்துங்கள்.

முதலில் தேட வேண்டியது திறந்த நிழல். அதாவது கட்டடத்தின் நிழல், தாழ்வாரம், நுழைவாயில் மாதிரி, தலைக்கு மேல் மறைப்பு இருந்து எதிரே வானம் திறந்திருக்கும் இடம். உள்ளே ஆழமாகப் போகக் கூடாது. நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டுக்கு ஓரிரண்டு அடி உள்ளே, முகம் வெளியே பார்க்க நிறுத்தினால் கண்ணில் வானத்தின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் பொட்டாக வந்து உட்காரும். அது வந்துவிட்டால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். மரத்தடி என்றால் கவனம், இலைகளுக்கு நடுவே ஒழுகும் வெயில் கன்னத்தில் ஒன்றும் நெற்றியில் ஒன்றுமாகப் புள்ளி வைத்துவிடும். அடர்ந்த மரமாக இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திறந்த நிழலில் வெளிச்சம் நீல வானத்திலிருந்து வருவதால் தோல் கொஞ்சம் நீலம் பாயும். வெயிலுக்கு 5200, 5500 கெல்வின் என்றால் நிழலுக்கு 7000, 7500 அளவில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்) வையுங்கள். பக்கத்தில் புல்வெளி இருந்தால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும், அதை ஒயிட் பேலன்ஸால் சரிசெய்ய முடியாது, ஆளைத்தான் நகர்த்த வேண்டும்.

சாம்பல்அட்டை:
நிழல்தேடி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஆனால் வெள்ளைச் சட்டை போனதற்குக் காரணம் எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு. அதைத் தனியாகப் பார்ப்போம்.

நல்ல வெயிலுக்கு ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. லென்ஸின் திறப்பை, அதாவது அப்பெர்ச்சரை, எஃப் 16 வைத்தால் (எண் கூடினால் திறப்பு சின்னது) ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்திறன் எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 அல்லது 1/125. அதையே எஃப் 8-க்குக் கொண்டுவந்தால் 1/400 அல்லது 1/500, எஃப் 4-க்கு 1/1600 அல்லது 1/2000. வெண்மணலிலோ பனியிலோ இன்னும் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும், ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது. இதை மனப்பாடமாக வைத்திருந்தால் கேமராவின் மீட்டர் சொல்வது சரியா தப்பா என்று உடனே தெரியும். மீட்டருக்கு எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று தெரியாது, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் இருட்டான சுவர் இருந்தால் அது ஏமாந்துபோய் எக்ஸ்போஷரை ஏற்றும், முன்னால் நிற்பவரின் சட்டை காலி. வெயில் ஒரே மாதிரி அடிக்கும்போது ஆட்டோவில் இருக்கவே வேண்டாம். மேனுவலில் ஒருமுறை செட் பண்ணிவிட்டு மறந்துவிடுங்கள், மேகம் வந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

டிஜிட்டலில் வெள்ளை ஒருதடவை எல்லை தாண்டிவிட்டால் அங்கே தகவலே இல்லை, எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நிழலில் அப்படி இல்லை, ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்திருந்தால் மூன்று ஸ்டாப் வரைக்கும்கூடத் தூக்கலாம். அதனால் வெள்ளைக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். கேமராவில் வெளிறிய இடங்கள் மினுங்கிக் காட்டும் வசதி இருக்கும், அல்லது வரிக்குதிரைக் கோடுகள் இருக்கும், அதைப் போட்டுவிட்டு சட்டையில் மினுங்கல் நின்றுபோகும்வரை எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். காரின் கண்ணாடியிலும் தண்ணீரிலும் பளீரிடும் புள்ளிகள் மினுங்கினால் விட்டுவிடுங்கள், அங்கே காப்பாற்ற ஒன்றும் இல்லை. இன்னொன்று, ரா எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ஜேபெக் படத்தை வைத்து வரைந்தது. கேமராவின் காட்சி பாணி (பிக்சர் ஸ்டைல்) செட்டிங்கைக் குறைந்த கான்ட்ராஸ்டில் வைத்தால் அது ராவுக்கு ஓரளவு நெருங்கி வரும். சிவப்புப் பூ, சிவப்புத் துணி எடுக்கும்போது மொத்த வரைபடத்தைப் பார்க்காமல் சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள், முதலில் போவது அதுதான்.

தேன்சிட்டு:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் நிழலே இல்லாத திறந்த மைதானம், இருபது பேர் கொண்ட கூட்டம், இரண்டு வரிசை என்றால்? ஃபிளாஷ் அத்தனை பேருக்கும் எட்டுமா?

ஓரவெளிச்சம்:
வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். வெயில் முகத்தில் அடிக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அது சாதாரணக் கேமராவிலும் மெதுவான ஃபிலிமிலும் எடுத்த நாட்களுக்குச் சரி. இப்போது தேவையில்லை. முதுகுப் பக்கம் வெயில் விழுந்தால் முகம் மொத்தமும் ஒரே அளவு நிழலில் இருக்கும், கண் இடுக்க மாட்டார்கள், தலைமுடியிலும் தோளிலும் ஓர் ஒளிக்கோடு ஓடிப் பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் வானம் வெளிறும், அதனால் பின்னணியில் வானமே வராதபடி மரவரிசையோ இருண்ட சுவரோ இருக்கும் பக்கமாகப் பார்த்து நில்லுங்கள். பின்னணியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

லென்ஸில் வெயில் நேராக அடித்தால் படம் மொத்தமும் பால் கலந்த மாதிரி வெளிறும். லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பான ஹுட் போடுங்கள், அது போதாவிட்டால் லென்ஸுக்கு மேலே கையை நீட்டி, முன்கண்ணாடியில் கையின் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்த கணத்தில் வ்யூஃபைண்டரில் கறுப்பு கறுப்பாவதும் நிறம் திரும்பி வருவதும் கண்கூடாகத் தெரியும். முன்கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் இந்த வெயிலில் அது பத்து மடங்கு தெரியும், துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சூரியன் நேர் உச்சியில் நிற்கும்போது முன்னும் இல்லை பின்னும் இல்லை, அப்போது இந்த வழி அவ்வளவாக உதவாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. நீங்கள் ஏணியிலோ படிக்கட்டிலோ ஏறிக்கொண்டு எல்லோரையும் மேலே பார்க்கச் சொல்லுங்கள். முகம் நிமிர்ந்ததும் கண்குழிக்குள் வெளிச்சம் இறங்கும், பின்னணியும் வானத்திலிருந்து தரையாக மாறிவிடும். கண் கூசும், அதற்கு எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லுங்கள், திறந்த முதல் நொடியில் நாலைந்து படம் தொடர்ச்சியாக அடித்துவிடுங்கள். இரண்டு வரிசைக்கு எஃப் 8 போதும். வெளிர்நிற சிமெண்ட் தரையோ மணலோ கிடைத்தால் கூட்டத்தை அதன்மேல் நிறுத்துங்கள், தரையே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்புத் தாரில் நிறுத்தினால் அந்த உதவி கிடைக்காது.

மின்னல்வெட்டு:
ஃபிளாஷ் எட்டுமா என்று கேட்டீர்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் வழிகாட்டி எண்ணை அப்பெர்ச்சரால் வகுத்தால் தூரம் வரும். ஐஎஸ்ஓ 100-இல் எண் 40 மீட்டர் என்று வைப்போம். கேமராவின் சின்க் வேகம் (ஃபிளாஷோடு வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200 என்றால் வெயிலுக்கு எஃப் 11 வைக்க வேண்டியிருக்கும். 40-ஐ 11-ஆல் வகுத்தால் சுமார் 3.6 மீட்டர். முழு சக்தியில், நேராக அடித்தால், வெயிலுக்குச் சமமாக ஃபிளாஷ் எட்டுவது அவ்வளவுதான். (ஃபிளாஷ் அட்டையில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் தலையை முழுக்க ஜூம் பண்ணியபோது கிடைப்பது, அகலமாக்கினால் குறையும்.) ஒருவர் இருவர் என்றால் தாராளம். வெயிலுக்குச் சமமாக வரவும் தேவையில்லை, ஒன்று ஒன்றரை ஸ்டாப் குறைவாக இருந்தால்தான் ஃபிளாஷ் அடித்ததே தெரியாமல் கண்குழி மட்டும் நிரம்பும். இருபது பேரை இந்த ஒரு ஃபிளாஷை வைத்து நிரப்ப முடியாது, அங்கே ஓரவெளிச்சம் சொன்ன வழிதான்.

எஃப் 1.8-இல் பின்னணியைக் கலைத்து எடுக்க ஆசைப்பட்டால் சின்க் வேகம் தடை போடும். அந்த வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷ் அடிக்க ஹை ஸ்பீட் சின்க் இருக்கிறது, ஆனால் அதில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக அடிக்காமல் ஷட்டரின் இடுக்கு நகரும் நேரம் முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கும், சக்தியில் இரண்டு ஸ்டாப்பாவது போய்விடும். ஆளுக்குப் பக்கத்தில் போனால்தான் வேலைக்காகும். இல்லாவிட்டால் நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர் போடலாம். எஃப் 11-இலிருந்து எஃப் 2.8-க்குத் திறக்க நாலு ஸ்டாப், அதாவது என்டி 16. லென்ஸுக்குள்ளேயே லீஃப் ஷட்டர் இருக்கிற கேமரா என்றால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

சாம்பல்அட்டை:
ஒருவரை மட்டும் எடுக்க இத்தனை பாடு தேவையா? குறைத்து எடுத்துவிட்டு ராவில் நிழலைத் தூக்கினால் கண்குழி தெளிந்துவிடுகிறதே. இப்போதைய பெரிய சென்சார்களில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 14 ஸ்டாப் அளவுக்கு எல்லை இருக்கிறது.

நிழல்தேடி:
நண்பரே, இங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. தூக்கினால் கறுப்பு சாம்பலாகும், நிழலின் வடிவம் மாறாது. மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருந்தால் தூக்கிய பிறகும் அங்கேயேதான் இருக்கும், கொஞ்சம் வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான். கண்ணில் வெள்ளைப் பொட்டும் வராது. எதிரே ஒருவர் வெள்ளை ரிஃப்ளெக்டரை, அதாவது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் மடக்குத் தட்டை, பிடித்தால் இரண்டும் சரியாகும். வெள்ளி நிறப் பக்கம் வேண்டாம், வெயிலை அப்படியே கண்ணுக்குள் அடிக்கும், பாவம் அவர் கண்ணைத் திறக்கவே முடியாது. அதைவிட நல்லது அந்த மடக்குத் தட்டின் நடுவில் இருக்கும் மெல்லிய வெள்ளைத் துணி. அதைத் தலைக்கு மேலே, சட்டகத்துக்குள் வராத அளவுக்கு எவ்வளவு தாழ்வாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பிடித்தால் சூரியனே ஒரு மீட்டர் அகல விளக்காகிவிடும். உயரப் பிடித்தால் மென்மை குறையும். முகத்தில் ஒரு ஸ்டாப் அளவு வெளிச்சம் குறைவதால் பின்னணி அதே அளவு பிரகாசமாகும், அதையும் நினைவில் வைத்து இடம் பாருங்கள்.

சாம்பல்அட்டை:
வடிவம் மாறாது என்பது சரிதான். நேரமில்லாத இடத்தில் காப்பாற்றிக்கொள்ளும் வழியாக மட்டும் என் வழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசிக்கண்:
அண்ணா, கைப்பேசியில் மட்டும் எடுப்பவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். வெயிலில் திரையே சரியாகத் தெரிவதில்லை.

ஓரவெளிச்சம்:
தங்கையே, மேலே சொன்ன இடம் தேடுகிற வேலை எல்லாம் கைப்பேசிக்கும் அப்படியே பொருந்தும், அங்கேதான் பெரிய வித்தியாசம் வரும். திரை தெரியாததற்கு முழு பிரகாசம் வைத்து, உங்கள் உடம்பின் நிழலிலேயே கைப்பேசியைப் பிடித்துப் பாருங்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள், சில கோணங்களில் திரை கறுத்தே போய்விடும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் விரலைக் கீழே இழுத்து நெற்றியின் பளபளப்பு அடங்கும்வரை குறையுங்கள். கைப்பேசி பல படங்களை ஒன்றாக்கி நிழலை அதுவாகவே தூக்கும், அதனால் கொஞ்சம் இருட்டாக எடுத்தாலும் பயமில்லை. ஆனால் ஓடுகிற குழந்தை, காற்றில் ஆடும் கிளை இருந்தால் அந்த ஒட்டுவேலையில் ஓரங்கள் இரட்டையாகத் தெரியலாம், இரண்டு மூன்று தடவை எடுத்துவிடுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், நாலடி முன்னே நடங்கள். லென்ஸைத் துணியால் துடைப்பதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்.

தூரப்பார்வை:
போலரைசர் ஃபில்டர் வாங்கினால் வெயில் படங்கள் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

சாம்பல்அட்டை:
எதற்கு என்பதைப் பொறுத்தது. முகத்தின் நிழலுக்கு அது ஒன்றும் செய்யாது. வெயிலில் இலை, தண்ணீர், கண்ணாடி, ஈரப்பாறை இவற்றின் மேலே படியும் வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிடும், அப்போது இலையின் உண்மையான பச்சை தெரியும், தண்ணீருக்கு அடியில் கல் தெரியும். இந்த விளைவை மென்பொருளில் பின்னால் உண்டாக்க முடியாது, அதனால் நிலக்காட்சி எடுப்பவருக்கு அவசியம் வேண்டும். உலோகத்தின் பளபளப்பில் பெரிதாக எடுபடாது. நீல வானத்தைக் கருநீலமாக்கும், சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் அது அதிகம். அதனால் அகன்ற லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து இரண்டு பக்கமும் வெளுத்து அசிங்கமாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், இந்த வெயிலில் அது ஒரு பிரச்சினையே இல்லை. வளையத்தைச் சுற்றிக்கொண்டே பார்த்து, வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும், படுக்கையிலிருந்து நெடுக்காகக் கேமராவைத் திருப்பினால் மறுபடி சுற்ற வேண்டும்.

மாநிறம்:
இதுவரை யாரும் தோல் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, அதை நான் சொல்ல வேண்டும். கறுத்த தோல் உள்ளவர் வெள்ளை உடுத்தி உச்சி வெயிலில் நிற்பதுதான் இருப்பதிலேயே கடினமான காட்சி. சட்டையைக் காப்பாற்றப் போய் முகத்தைக் கரியாக்கிவிடுகிறார்கள், அப்புறம் முகத்தைத் தூக்குகிறேன் என்று இயல்பான நிறத்தையே வெளுத்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமாக இருக்கும். அவர் முகம் எப்படி இருக்கிறதோ அந்த நிறமே படத்தில் வர வேண்டும். அதற்கு முதல் வேலை ஆளை மொத்தமாக நிழலுக்குள் கொண்டுவருவது. சட்டையும் முகமும் ஒரே மென்மையான வெளிச்சத்தில் இருந்தால் இரண்டுக்கும் எல்லை போதும், சட்டையே தாடைக்கு அடியில் வெளிச்சம் தரும்.

கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் தோலின் மேல் விழும் பளபளப்புத்தான். நேர் வெயிலில் அது வியர்வையோடு சேர்ந்து நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டாகிவிடும், துண்டால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம். போலரைசர் இதைக் குறைக்கும், ஆனால் முழுக்கச் சுற்றிவிட்டால் முகம் தட்டையாகிவிடும், பாதியில் நிறுத்துங்கள். பக்கவாட்டிலிருந்து திறந்த வானத்தின் வெளிச்சம் வரும்படி முகத்தைத் திருப்பினால் கன்ன எலும்பு ஓரமாக ஒரு நீண்ட மென்மையான ஒளி ஓடும், அதைப்போல அழகு வேறு எதிலும் இல்லை.

கறுப்புவெள்ளை:
இழை முழுவதும் வெயிலை எப்படி விரட்டுவது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். உச்சி வெயில் மாதிரி ஒரு கொடை கிடையாது என்பேன். ஹாங்காங் தெருக்களை எடுத்த ஃபான் ஹோவின் படங்களைத் தேடிப் பாருங்கள், ஒரு சுவரில் குறுக்காக விழும் நிழலும் ஒரு மனிதரும்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அலெக்ஸ் வெப் வண்ணத்தில் அதையே செய்கிறார், சட்டகத்தில் பாதி கன்னங்கரேல் என்று இருக்கும், மீதிப் பாதியில் சிவப்பும் மஞ்சளும் எரியும். இருவருமே நிழலைத் தூக்கித் தெளிவாக்க முயலவில்லை. நிழலைச் சட்டகத்தின் ஒரு பொருளாகவே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

செய்து பார்க்க எளிது. வெயில் விழும் ஒரு சுவரையோ படிக்கட்டையோ தேர்ந்தெடுத்து, வெளிச்சமான இடத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், எஃப் 8, 1/500, ஐஎஸ்ஓ 100-ஐ ஒட்டி ஏதாவது. நிழல் கறுப்பாகவே போகட்டும். அங்கேயே நின்று, யாராவது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் கால் வைக்கும்வரை காத்திருங்கள். முகம் பாதி வெளிச்சத்தில் வந்ததும் அழுத்துங்கள். தேன்சிட்டு எடுக்கும் நிகழ்ச்சியிலும் இது நடக்கும். கூட்டப் படம் முடிந்ததும் மக்கள் கலைந்து போகும் நேரத்தில் தரையில் விழும் நிழல்களை மேலிருந்து பாருங்கள், குடை பிடித்தவர், குழந்தையைத் தூக்கியவர், ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு வடிவம். முகம் தெளிவாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைக் கொடுங்கள், ஆனால் அந்த வெயில் எப்படி இருந்தது என்பதை யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்.

தூரப்பார்வை:
நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மத்தியானத்தில் தூரத்துப் பொருள் கூர்மையாக வரவில்லை என்று லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கும், எந்த விலை லென்ஸும் அதைத் தாண்டாது, ஷட்டர் வேகத்தை ஏற்றினாலும் முழுக்கத் தீராது. நெருங்கிப் போவது ஒன்றே வழி, அல்லது தாருக்கும் மணலுக்கும் மேலே பார்க்காமல் புல்லுக்கோ தண்ணீருக்கோ மேலே பாருங்கள், சூடு குறைவு.

அப்புறம், ஆப்டிகல் வ்யூஃபைண்டரில், அதுவும் நீண்ட லென்ஸோடு, சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். கேமராவை லென்ஸ் மூடி இல்லாமல் வானத்தைப் பார்த்து வைத்துவிட்டு நகராதீர்கள், துணி ஷட்டர் உள்ள பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் ஓட்டையே விழுந்திருக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும் விட வேண்டாம்.

மின்னல்வெட்டு:
வீடியோவும் எடுப்பவர்கள் கவனத்துக்கு. நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டர் வேகம் 1/50 வைத்தால் வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 22 கேட்கும். எஃப் 2.8 வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப், என்டி 64. இது இல்லாமல் வெயிலில் வீடியோ எடுத்தால் அசைவெல்லாம் வெட்டி வெட்டித் தெரியும்.

தேன்சிட்டு:
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. தொப்பி போட்டிருப்பவர்களை என்ன செய்வது? கழற்றச் சொல்லவும் மனம் வரவில்லை, அந்த வெயிலில் பாவம்.

நிழல்தேடி:
கழற்ற வேண்டாம். விளிம்பின் நிழல் முகத்துக்கு நடுவே கோடு போடாமல் இருந்தால் போதும். தொப்பியை முன்னால் இழுத்து, நிழல் தாடைக்குக் கீழே இறங்கும்படி வைக்கச் சொல்லுங்கள், முகம் மொத்தமும் ஒரே நிழலில் வந்துவிடும், அதற்கு எக்ஸ்போஷர் வையுங்கள், ஒரு வெள்ளை அட்டையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னால் கண்ணிலும் வெளிச்சம் வரும். விளிம்பு சின்னதாக இருந்து அவ்வளவு தூரம் நிழல் இறங்கவில்லை என்றால் பின்னால் தள்ளி நெற்றிக்கு மேலே ஏற்றிவிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில், மூக்கு நுனியில் மட்டும் வெயில் அடிக்கும் நிலை ஒன்று வரும், அதில் மட்டும் எடுக்காதீர்கள்.